பத்தொன்பதாம் நூற்றாண்டு: சினிமாவில் தொலைந்த மேல்முண்டு

வினயன் இயக்கிய 'பத்தொன்பதாம் நூற்றாண்டு' மலையாளப் படம் 2022 ஓணத்துக்கு வந்தது. நான் ரொம்ப லேட்டாத்தான் பார்த்தேன். திருவிதாங்கூர், ஜாதிக் கொடுமை, மேலாடை உரிமைன்னு அவங்க விளம்பரம் பண்ணினப்பவே எங்க பக்கம் ஒரு ஆர்வம் இருந்தது. "ஓய், நம்ம கதைய படமா எடுத்திருக்கான், பாத்தீரா?" என்று நண்பர் ஒருத்தர் போன் போட்டே கேட்டார். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோட (அன்றைய சென்னை மாநிலத்தோட) சேர்ந்தது. அதுவரைக்கும் நாங்க அந்தப் பக்கம்தானே. தோள்சீலைப் போராட்டம் நடந்ததும் கல்குளம், இரணியல், கோட்டாறு, நாகர்கோவில், நெய்யாற்றின்கரைன்னு இங்கேயும் எல்லைக்குச் சற்று அப்பாலும்தான். ஆர்வம் வராம எப்படி?

படம் முடிஞ்சப்ப மிஞ்சினது வெப்ராளம். (வெளியூர்க்காரங்களுக்காக: கோபம், ஆற்றாமை, புழுக்கம் மூணும் கலந்த ஒரு நாஞ்சில் நாட்டுச் சரக்கு. வேற வார்த்தை கிடையாது.)

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். காசு செலவழிச்சிருக்காங்க. கோகுலம் கோபாலன் தயாரிப்பு. அரண்மனை, படகு, குதிரை, பழைய திருவிதாங்கூர் வீதி எல்லாம் கண்ணுக்கு நிறைவு. பின்னணி இசை நம்ம சந்தோஷ் நாராயணன். ஆறாட்டுப்புழா வேலாயுதப் பணிக்கரா வர்ற சிஜு வில்சன் உடம்பை ஏத்தி, குதிரை ஓட்டக் கத்துக்கிட்டு உழைச்சிருக்கார். காயங்குளம் கொச்சுண்ணியை வழக்கமான ஏழைப்பங்காளன் வேஷத்திலிருந்து இறக்கி வேற மாதிரி காட்டினதும் (செம்பன் வினோத்) பிடிச்சிருந்தது. அதுக்கு மேல பாராட்ட என்கிட்ட ஒண்ணும் இல்ல.

பணிக்கர் நிஜ மனுஷர். 1825-ல் பிறந்து 1874-ல் காயங்குளம் காயலில் படகில் போகும்போது கொல்லப்பட்டவர். ஈழவர். வசதியான குடும்பம். நாராயண குரு அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்தது 1888-ல். அதுக்கு முப்பது வருஷத்துக்கும் மேல முன்னாடியே, 1850-களில், மங்கலத்தில் சிவன் கோயில் கட்டினவர் பணிக்கர். பந்தளத்தில் மூக்குத்தி போட்டதுக்காக அவமானப்படுத்தப்பட்ட பெண்களுக்காகவும், காயங்குளம் பக்கம் முழங்காலுக்குக் கீழ புடவை இறக்கிக் கட்டற உரிமைக்காகவும் நின்னவர் என்று அந்த ஊர் வரலாறு சொல்லுது. இப்படி ஒரு ஆளைப் பற்றி இத்தனை நாள் சினிமா வராததே அதிசயம். அவர் கதையை மட்டும் ஒழுங்கா எடுத்திருந்தாலே போதும்.

ஆனா அதோட நிறுத்தல. நங்கேலியைக் கொண்டுவந்துட்டாங்க.

நங்கேலி கதை உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். சேர்த்தலையைச் சேர்ந்த ஈழவப் பெண். முலைவரி கேட்டு வந்த அதிகாரி முன்னாடி தன் மார்பை அறுத்து இலையில் வெச்சுக் கொடுத்து உயிர்விட்டாள் என்பது கதை. அந்த இடத்துக்கு முலைச்சிப்பறம்புன்னே பேர். ஊர் வாய்வழியா வந்தது. அந்தக் கால அரசாங்கக் காகிதத்திலோ மிஷனரி குறிப்பிலோ அவள் பேர் இல்லை. டி. முரளி என்ற ஓவியர் வரைஞ்ச படங்களும், 2016-ல் பிபிசி போட்ட கட்டுரையும் வந்த பிறகுதான் உலகம் பூரா பரவிச்சு. வாய்வழிக் கதைன்னு நான் தள்ளிவிடல. எழுத்து மறுக்கப்பட்ட ஜனங்க கதையை வேற எங்க வெச்சுக் காப்பாத்துவாங்க? நான் சொல்ல வர்றது அது இல்ல.

வழக்கமா சொல்ற கணக்குப்படி நங்கேலி செத்தது 1803. பணிக்கர் பிறந்தது 1825. நடுவுல 22 வருஷம். படத்தில் ரெண்டு பேரும் ஒரே காலத்தில் நடமாடுறாங்க. ஏன்னா ஹீரோவுக்குக் கோபம் வரணும். கோபம் வர ஒரு பெண் ரத்தம் சிந்தணும். நம்ம சினிமாவின் பழைய கணக்குதான் இது, தங்கச்சி செத்தா அண்ணன் அரிவாள் எடுக்கற ஃபார்முலா. அதுக்குச் சரித்திர உடுப்பு மாட்டியிருக்காங்க, அவ்வளவே.

நங்கேலியா வர்றது கயாடு லோஹர். (2025-ல் 'டிராகன்' வந்த பிறகு தமிழ்நாடே தூக்கத்தில் புலம்பிச்சே, அதே பொண்ணுதான்.) அவங்க மேல எனக்குக் குறையே இல்ல. காமிரா மேலதான் குறை. உடம்பை மூட விடாததுதான் கொடுமைன்னு வசனம் பேசுது. வசனம் பேசற நேரத்தில் காமிரா அந்த உடம்பு மேலயே மேயுது. தோள், இடுப்பு, ஈரத் துணி. மூட உரிமை கேட்கிற கதையைத் திறந்து காட்டி விக்கிற வியாபாரம். இதைக் காட்டாம எப்படி எடுக்கறதுன்னு கேப்பீங்க. எடுக்கலாம். எப்படின்னு நிஜத்தில் நடந்த கதையைச் சொன்னாலே தெரியும்.

அதுக்கு முன்னாடி முலைவரி பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸப்பில் சுத்தற கதைப்படி, அளவு பார்த்து வரி போட்டாங்க, வரி கட்டினா மூடிக்கலாம். ரெண்டும் சரியில்ல. தாழ்த்தப்பட்ட ஜாதி ஆண்களுக்குப் போட்டது தலைக்கரம். பெண்களுக்குப் போட்டது முலைக்கரம். ஆணா பெண்ணான்னு பிரிச்சுப் போட்ட தலைவரிதான் அது, துணிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு மனு எஸ். பிள்ளை எழுதியிருக்கார். பேரே கேவலமா இருக்கு என்பது வேற விஷயம். வரி கட்டினாலும் மேல துணி போட முடியாது. அதுக்குத் தனிச் சட்டம், தனி வழக்கம்.

அந்த வழக்கம்தான் நுணுக்கமானது. உயர்ந்தவங்க முன்னாடி தாழ்ந்தவங்க மார்பைத் திறந்து நிக்கிறது மரியாதை. நாயர் பெண்கள் மேல்முண்டு போடலாம். ஆனா நம்பூதிரி முன்னாடியும் சாமி முன்னாடியும் எடுக்கணும். அதாவது ஏணியில் ஒவ்வொரு படியும் மேல் படிக்குத் திறந்து காட்டணும். கடைசிப் படியில் நிக்கிறவங்களுக்கு எல்லாருமே மேல் படி, அதனால மூடவே முடியாது. ஆண்களுக்கும் இதேதான். கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலுக்குப் போனா இன்னைக்கும் நாம சட்டையைக் கழற்றிட்டுத்தானே உள்ள போறோம். அது என்ன மிச்சம்னு நினைக்கறீங்க? 2024 டிசம்பர் கடைசியில் சிவகிரி மடத்து சச்சிதானந்த சுவாமி இந்த வழக்கத்தை விடணும்னு பேசி, பினராயி விஜயன் அதை ஆதரிச்சு, பெரிய ரகளையே ஆச்சு.

இனி தோள்சீலை.

அந்தக் காலத்துக் காகிதங்களில் சாணார் என்று எழுதப்பட்ட நாடார்கள் தென் திருவிதாங்கூரில் பனையேறிப் பிழைச்சவங்க. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, தங்க நகை கூடாது, பெண்கள் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, மாடி வீடு கூடாது. நம்பூதிரியிடமிருந்து 36 தப்படி எட்டி நிக்கணும். சர்க்காருக்கு ஊழியம் (கூலியில்லா வேலை) வேற. 1806-ல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் லண்டன் மிஷன் சார்பில் மயிலாடிப் பக்கம் வந்தார். பின்னாடி சார்லஸ் மீட், சார்லஸ் மால்ட் எல்லாம் நாகர்கோவிலில் தங்கினாங்க. மால்ட்டின் மனைவி மார்த்தா ஆரம்பிச்ச லேஸ் பின்னல் தொழில் இந்த ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்தது. ரெசிடெண்டாவும் திவானாவும் இருந்த கர்னல் மன்றோ, 1812-14 வாக்கில், கிறிஸ்தவத்துக்கு மாறின பெண்கள் சிரியன் கிறிஸ்தவர்கள் மாதிரி குப்பாயம் போட்டுக்கலாம்னு அனுமதி கொடுத்தார். நாயர் பெண்கள் மாதிரி மேல்முண்டு மட்டும் கூடாது.

மீட், மால்ட் வீட்டம்மாக்கள் இதுக்குன்னே ஒரு தொளதொள ஜாக்கெட் வடிவமைச்சாங்க. மிஷனரிகளுக்கு நிம்மதி, மானம் காப்பாத்தியாச்சு. சர்க்காருக்கும் பெரிசா ஆட்சேபம் இல்ல, வித்தியாசம் தெரியுதே! ரெண்டு தரப்பும் ஒத்துப்போன இடம் அந்த ஜாக்கெட்.

ஒத்துக்காதது அந்தப் பெண்கள்தான். ஜாக்கெட் போட்டுக்கிட்டாங்க. அதுக்கு மேல, தோளில், நாயர் பெண்கள் போடற அதே மேல்முண்டையும் போட்டுக்கிட்டாங்க.

கலவரம் வந்தது இதுக்குத்தான். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மொத்தக் கதையும் வேற மாதிரி தெரியும். மறைக்கிறதுதான் பிரச்சனைன்னா ஜாக்கெட்டோட முடிஞ்சிருக்கும். அவங்க கேட்டது 'நீ போடறதையே நானும் போடுவேன்' என்கிறது. மானம், கற்பு, வெட்கம் எல்லாம் பாதிரியார் வீட்டம்மா கவலை. சந்தைக்குப் போன பெண்ணின் கவலை வேற. தோளில் துண்டு விழுந்த விதத்தைப் பார்த்து யாரும் தன்னை இன்ன ஜாதின்னு கண்டுபிடிக்கக் கூடாது என்பது.

1822-ல் கல்குளம், இரணியல் பக்கம் சந்தையிலும் தெருவிலும் பெண்களின் மேல்துணியைக் கிழிச்சாங்க. விஷயம் பத்மநாபபுரம் கோர்ட்டுக்குப் போச்சு. 1823-ல் தீர்ப்பு கிறிஸ்தவப் பெண்களுக்குச் சாதகம். (கோர்ட்! வாள் இல்ல, குதிரை இல்ல. வழக்கு, சாட்சி, தீர்ப்பு.) 1827-லிருந்து மறுபடி அடிதடி, தீவைப்பு. 1829 பிப்ரவரி 3-ல் ராணி கௌரி பார்வதி பாயின் பிரகடனம் வந்தது. சாணார் பெண்கள் மேல்முண்டு போடக் கூடாது, ஊழியத்திலிருந்து நழுவக் கூடாது, அனுமதியில்லாம ஜெபக்கூடம் கட்டக் கூடாது. துணி, உழைப்பு, கட்டடம் மூணையும் ஒரே காகிதத்தில் கட்டிப் போட்டாங்க பாருங்க, சர்க்காருக்கு விஷயம் நல்லாவே புரிஞ்சிருந்தது.

நடுவுல சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809-1851) மதம் மாறாம அதே சண்டையை வேற பக்கத்திலிருந்து போட்டார். தலைப்பாகை கட்டிக்கிட்டு சாமி கும்பிடச் சொன்னார். ராஜா அவரைச் சிறையில் போட்டதும் நடந்தது. இன்னைக்கும் சாமித்தோப்புப் பதிக்குள்ள ஆண்கள் தலைப்பாகையோடதான் போகணும். மேல சட்டை கிடையாது, தலையில் பாகை உண்டு. இதை மட்டுமே வெச்சு ஒரு படம் எடுக்கலாம்.

1855-ல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிஞ்சது. 1858-ல் விக்டோரியா ராணியின் பிரகடனம். இனி யாரும் தடுக்க மாட்டாங்கன்னு கிறிஸ்தவப் பெண்களோட இந்து நாடார் பெண்களும் மேல்முண்டோட வெளிய வந்தாங்க. மறுபடி தாக்குதல். 1858 டிசம்பர் 27-ல் திவான் மாதவ ராவ் (ரொம்ப முற்போக்கானவர்னு பாடப் புத்தகத்தில் படிச்சோமே, அவரேதான்) 1829 உத்தரவு இன்னும் அமலில்தான் இருக்குன்னு அறிவிச்சார். அதைக் கேட்டதும் அடிக்கிறவங்களுக்குத் தைரியம் கூடிப்போச்சு. நாகர்கோவில், கோட்டாறு சுத்தி ஜெபக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் எரிஞ்சது. மிஷனரிகள் மெட்ராஸ் வரைக்கும் எழுதினாங்க. கவர்னர் டிரெவெலியன் நெருக்கினார். 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பிரகடனம் போட்டார். எல்லா நாடார் பெண்களும் ஜாக்கெட் போடலாம், அல்லது முக்குவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணியைச் சுத்திக்கட்டலாம். எப்படி வேணா மூடிக்கலாம், உயர்ஜாதிப் பெண்கள் மாதிரி மட்டும் கூடாது.

37 வருஷம். மூடற உரிமை கிடைச்சது. ஒரே மாதிரி மூடற உரிமை கிடைக்கல. வெற்றி விழா கொண்டாடும்போது (2023 மார்ச் 6-ல் நாகர்கோவிலில் 200-ஆம் ஆண்டு விழாவுக்கு ஸ்டாலினும் பினராயி விஜயனும் வந்தாங்க) இந்தக் கடைசி வரியை யாரும் அவ்வளவா சொல்றதில்ல. எனக்கு அந்த வரிதான் முக்கியமாப் படுது.

இதில் ஹீரோ யாரு? பேர் கிடையாது. கிழிச்ச மறுநாளும் அதே துண்டைத் தைச்சுப் போட்டுக்கிட்டு அதே சந்தைக்குப் போனவங்க. காட்ட வேண்டிய சீன் அதுதான். ஒரு பொண்ணு ஜாக்கெட் போடறா, தோளில் ஒரு துண்டை எடுத்துப் போடறா, படியிறங்கிப் போறா. திறந்து காட்டவே வேண்டாம். மூடறதைக் காட்டினா போதும், பயம் தானா வரும். ஆனா போஸ்டர் ஒட்ட முடியாது.

சரி, சினிமாதானே, விட்டுத் தள்ளுமய்யான்னு சொல்லலாம். தள்ள முடியாததுக்கு ஒரு காரணம் உண்டு. ஒன்பதாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்தில் உடையின் சமூக வரலாறு என்று ஒரு பாடம் இருந்தது. தோள்சீலைக் கதை அதில் வரும். 2016-ல் சிபிஎஸ்இ அந்தப் பகுதியைப் பரீட்சைக்கு வேண்டாம்னு சுற்றறிக்கை விட்டது. 2019-ல் பாடமே புத்தகத்திலிருந்து போச்சு. இன்னொரு பக்கம், இப்படி ஒரு கொடுமையே நடக்கல, எல்லாம் பாதிரிகள் கட்டின கதைன்னு எழுதற கூட்டம் இருக்கு. அவங்க எப்பவும் பிடிச்சுக்கறது நங்கேலியைத்தான். ஆவணம் எங்க, வருஷம் எங்க, அளவெடுத்ததுக்கு ஆதாரம் எங்கன்னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லேன்ன உடனே, பார்த்தியா, மொத்தமும் பொய்ன்னு முடிச்சிருவாங்க. 1823 தீர்ப்பும் 1829 பிரகடனமும் 1859 பிரகடனமும், முத்திரையோட சர்க்காரே போட்ட காகிதங்கள், அதே வண்டியில் ஏறிப் போயிரும். ஆதாரம் உள்ளதை ஓரமா வெச்சிட்டு ஆதாரம் இல்லாததை, அதுவும் 22 வருஷம் இழுத்து ஒட்டி, நடுவில் நிறுத்தற படம் யாருக்கு உதவும்? ஒடுக்கப்பட்டவங்க பக்கம் நிக்கறதாத்தான் இயக்குநர் நினைச்சிருப்பார். நல்ல எண்ணத்தில் சந்தேகம் இல்ல. ஆனா எதிராளி கையில் கம்பைக் கொடுத்திட்டுப் போயிருக்கார்.

சினிமான்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. 1928 என்றும் 1930 என்றும் சொல்வாங்க. எடுத்தவர் ஜே.சி. டேனியல், நம்ம அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர், நாடார் கிறிஸ்தவர். அவர் கதாநாயகியா போட்டது பி.கே. ரோசியை. புலையர் சமூகத்தில் பிறந்த பெண். படத்தில் அவங்களுக்குச் சரோஜினின்னு ஒரு நாயர்ப் பெண் வேஷம்.

ஜாக்கெட் போட்டதுக்கு இல்ல, நாயர்ப் பெண் மாதிரி உடுத்தினதுக்கு. 1859 உத்தரவு எதைக் கூடாதுன்னு சொல்லிச்சோ, அதையே ரோசி திரையில் செஞ்சாங்க. திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் திரை மேல கல் விழுந்தது. வீட்டைக் கொளுத்தினாங்க. ஒரு லாரி டிரைவர் உதவியோட ஊரைவிட்டுத் தப்பி, நாகர்கோவிலுக்கு வந்து, அவரையே கல்யாணம் பண்ணிக்கிட்டு, ராஜம்மாள்னு பேர் மாத்திக்கிட்டு வாழ்ந்து முடிச்சாங்க. மறுபடி நடிக்கவே இல்ல. கமல் இயக்கிய 'செல்லுலாய்ட்' (2013) இந்தக் கதையைச் சொல்லுது. பார்க்காதவங்க பாருங்க, குறைகள் உண்டு, ஆனா கண்ணியமான படம்.

ரோசி அந்த முண்டை எப்படிப் போட்டிருந்தாங்கன்னு பார்க்க ஆசை. வழியில்ல. 'விகதகுமாரன்' ஒரு பிரேம்கூட மிஞ்சல. டேனியலோட சொந்தக்காரர் சுந்தர்ராஜ், நாகர்கோவில்காரர், 1933-ல் 'மார்த்தாண்ட வர்மா' எடுத்தார். காப்பிரைட் கேசில் மாட்டின அந்தப் படம் மட்டும் பூனா ஆவணக் காப்பகத்தில் இருக்கு. அந்தக் கேஸ் கதையே தனி சினிமா. இன்னொரு நாள் எழுதறேன்.